தொண்ணூத்தொம்பது மார்க்கு வாங்கின மூக்கு

விரல்ல மாட்டற ஆக்சிஜன் கிளிப்பு 99 காட்டுதா கண்ணு? நெம்பச் சந்தோசம். பத்தாவதுல கணக்குப் பரிட்சையில நீ வாங்காத மார்க்கை இன்னைக்கு உன்ற விரலு வாங்கிக் குடுத்திருச்சு. வாட்சப்புல போடு, ஒறம்பரை சனமெல்லாம் பாத்து வயிறு எரியட்டும். வெடியால எந்திரிச்சதும் ஒருக்கா, பல்லு வெளக்கிட்டு ஒருக்கா, படுக்கறதுக்கு முன்னால ஒருக்கா மாட்டிப் பாரு. ஒரு நாள் விட்டுப்போட்டா ஆக்சிஜன் கோவிச்சுக்கிட்டு எறங்கிப் போயிரும்.

எனக்கென்ன தெரியும்? நான் எட்டாவதோட பண்ணையத்துக்கு வந்தவன். உன்ற தங்கச்சி டாக்டருக்குப் படிக்கறேன்னு லீவுல வந்து திண்ணையில ஒக்காந்து பாடத்தைச் சத்தமாப் படிப்பாள்ல, நான் பக்கத்துல கயித்துக்கட்டல்ல தூங்கறாப்பல கெடப்பேன். பரிட்சை முடிஞ்சதும் அவளுக்கு மறந்துபோச்சு. எனக்குப் பரிட்சையே இல்லாததுனால மறக்கலை. அதுல ஒட்டுனதைத்தான் சொல்றேன். புடிச்சா எடுத்துக்க, புடிக்கலீன்னா உன்ற போன்ல கேட்டுக்க. அது என்னைவிட மருவாதியாப் பேசும்.

அந்தக் கிளிப்பை நான் கொறை சொல்லலை அப்புனு. ஜப்பான்ல நிஹோன் கோடென்னு ஒரு கம்பெனி, அதுல தாக்குவோ அயோயாகின்னு ஒரு இஞ்சினீயரு, 1974ல அவரு கண்டுபுடிச்ச சங்கதி அது. ரெண்டு நெற வெளிச்சத்தை விரலுக்குள்ள அனுப்பி, நாடி துடிக்கறப்ப எது எவ்வளவு அக்கட்டால வந்து சேருதுன்னு பாத்து, ரத்தம் எத்தனை செவப்புன்னு கண்டுக்கறது. ஊசி வேண்டாம், ரத்தம் எடுக்க வேண்டாம். மனுசன் 2020 ஏப்ரல்ல செத்துப்போனாரு. அவரு சாமானம் ஊடூடாப் போய்ச் சேந்ததும் அதே கொரோனாக் காலத்துலதான். மூச்சுத் தெணறல் தெரியாமயே ஆக்சிஜன் எறங்கிப்போனவங்களை இதுதான் காட்டிக் குடுத்துச்சு. 2021 சித்திரையில சிலிண்டருக்கு வரிசை கட்டி நின்ன சனத்தை டீவியில பாத்தவன், இதைக் கேலி பேசுனா வாய் அழுகிப்போகும். என்ற கேலி சாமானத்து மேல இல்லை. அதை மாட்டிக்கிட்டு மதப்பா ஒக்காந்திருக்கற ஆளு மேலதான்.

ரத்தத்துல ஓடற செவப்பணு ஒவ்வொண்ணும் ஒரு பாரவண்டின்னு வெச்சுக்க. ஏத்தற எடம் நுரையீரல், எறக்கற எடம் செல்லு. உன்ற கிளிப்பு சொல்றது ஒண்ணே ஒண்ணுதான். போற வண்டியில நூறு மூட்டைக்கு எடமிருந்தா எத்தனை மூட்டை ஏறியிருக்குது, அவ்வளவுதான் அதுக்குத் தெரியும். ஊர்ல மொத்தம் வண்டி எத்தனைன்னு அதுகிட்டக் கேக்காதே. ஓட்டம் எப்படின்னும் கேக்காதே. போன எடத்துல எறக்குனாங்களா, எறக்குனதை ஆக்கித் தின்னாங்களாங்கறது அதுக்குச் சம்பந்தமே இல்லாத வெவகாரம். நீ என்னடான்னா வண்டி ரொம்பியிருக்குதுன்னு கேட்ட ஒடனே ஊரே பசியாறிருச்சுன்னு ஏப்பம் விடறே.

கணக்கு உனக்குப் புடிக்காது, இருந்தாலும் கேட்டுக்க. ஒரு கிராம் ஹீமோகுளோபின் 1.34 மில்லி ஆக்சிஜனைத் தூக்கும். 100 மில்லி ரத்தத்துல அது 15 கிராம் இருந்தா, ஆக்சிஜன் 20 மில்லி ஆச்சு. வண்டி ஏறாம, ரத்தத்துத் தண்ணியில கரைஞ்சு நடந்தே போறது வெறும் 0.3 மில்லி. இருதயம் நிமிசத்துக்கு 5 லிட்டர் ரத்தத்தைத் தள்ளுது. ஆக, நிமிசத்துக்கு 1,000 மில்லி ஆக்சிஜன் ஊருக்குள்ள போகுது. கட்டல்ல சாஞ்சு போன் நோண்டற ஒடம்பு அதுல எறக்கிக்கறது 250 மில்லி. முக்காவாசிப் பாரம் எறக்காமயே திரும்பி வருது கண்ணு! இதுக்கு மேல நீ ஆன்லைன்ல ஆக்சிஜன் டப்பா வாங்கி வெச்சு மொகத்துல பீச்சிக்கறே. பாரத்தை எறக்க ஆளில்லாத ஊருக்கு எதுக்கு சாமி எச்சா மூட்டை?

ஆக்சிஜன் ஏத்துன தண்ணின்னு ஒரு பாட்டலும் வாங்குனதா உங்கம்மா சொன்னா. பாட்டல் நல்லா இருக்குது, தீர்ந்ததும் குடுத்துட்டுப் போ, வேப்பெண்ணெய் ஊத்தி வெச்சுக்கறேன். ஆனா ஒரு தடவை சாதாரணமா மூச்சை இழுத்தாலே அரை லிட்டர் காத்து உள்ள போகுது, அதுல ஆக்சிஜன் 100 மில்லி. அதைவிட எச்சா அந்தப் பாட்டலுக்குள்ள இருந்திருந்தா, நீ மூடியைத் தொறந்தப்பவே மொகத்துல அடிச்சிருக்கும். அப்படியே இருந்தாலும் அது போறது வயித்துக்கு. வயித்துல செவுள் மொளைச்ச ஆளு நம்ம பரம்பரையில இதுவரைக்கும் பொறக்கலை.

அப்புறம் அந்த மூச்சுப் பயிற்சி. மெதுவா இழுத்து மெதுவா விட்டா நான் குறுக்க பேசமாட்டேன், மனசு அடங்கும், வாயும் சித்த அடங்கும். நீ பண்றது அதில்லையே. வெடியால மொட்டை மாடியில நின்னு புஸ்ஸு புஸ்ஸுன்னு நீ ஊதற ஊதுல கட்டுத்தரையில மாடு பயப்படுது. ஒவ்வொரு செல்லுக்கும் ஆக்சிஜன் பாயுதுன்னு வீடியோக்காரன் சொல்லிட்டானாக்கும்? வண்டி ஏற்கெனவே ரொம்பி நிக்குது. நீ ஊத ஊத உள்ள ஏறறது ஒண்ணுமில்லை, வெளிய போறதுதான் நெறைய. போறது கார்பன் டை ஆக்சைடு. கழிவுதானே, போனாப் போகட்டும்னு நெனைக்கறே. 1904ல கோபன்ஹேகன்ல கிறிஸ்டியன் போர்னு ஒரு வாத்தியாரு, அணுவுக்குப் படம் போட்டுக் குடுத்த நீல்ஸ் போருக்கு அப்பன், அவரும் அவருகூட இருந்த ஹாசல்பால்க், க்ரோக்னு ரெண்டு பேரும் ஒண்ணைக் கண்டாங்க. கார்பன் டை ஆக்சைடு எங்க கூடுதலா இருக்குதோ அங்கதான் ரத்தம் ஆக்சிஜனைச் சுலபமா எறக்கிவிடும். குறைஞ்சுதுன்னா பாரத்தை இறுக்கிப் புடிச்சுக்கும். நீ ஊதித் தள்ளுனதுல மூளைக்குப் போற ரத்தக்கொழாயும் சுருங்கிக்கும். உதடு மதமதங்கும், விரல் நுனி சுருக்சுருக்குங்கும், தலை கிறுகிறுங்கும். அதைத்தான் நீ எனர்ஜி ஏறுதுன்னு அமுச்சிகிட்ட வந்து சொன்னே. அவளும் நம்பி வாழப்பழம் ஒரிச்சுக் குடுத்தா.

மாடியில ஊதறதுக்குச் சிரிச்சிட்டு விட்டர்றேன். கெணத்துமேட்டுல ஊதுனா மட்டும் செருப்படிதான், இப்பவே சொல்லிப்போட்டேன். மூச்சு வாங்கணும்னு நெஞ்சு முட்டறது பெரும்பாலும் ஆக்சிஜன் குறையறதுனால இல்லை, கார்பன் டை ஆக்சைடு சேர்றதுனால. அதை முன்கூட்டியே ஊதிக் கழிச்சிட்டு முங்குனா, நெஞ்சு முட்டறதுக்கு நேரம் ஆகும். நமக்குத் தம் கூடிப்போச்சுன்னு பையன் நெனைச்சுக்குவான். அதுக்குள்ளாற ஆக்சிஜன் தீர்ந்து தண்ணிக்கடியிலயே மயக்கம் வந்துரும். கத்தக்கூட மாட்டான். இதுல போறவன் நல்லா நீச்சல் தெரிஞ்ச பையந்தான். தெரியாதவன் அவ்வளவு நேரம் முங்கமாட்டான்.

சரி, வண்டிக்காரன் கதைக்கு வருவோம். அவன் மேல எனக்கு ஒரு மருவாதி உண்டு. தொறந்த பாரத்தோட ஊர் பூராச் சுத்தறான், ஒரு மணி தொடமாட்டான். செவப்பணுவுக்குள்ள மைட்டோகாண்ட்ரியாவே கெடையாது, அதனால தூக்கற ஆக்சிஜனை அதுனால எடுத்துக்க முடியாது. ஆக்சிஜன் இல்லாமயே சர்க்கரையை ஒடைச்சு வர்ற சொற்பத்துல காலத்தை ஓட்டும். 120 நாள் சொமந்துட்டுச் செத்துப்போகும். இதைப் படமாப் போட்டு, எடை போடற தராசு இருக்கற ஒவ்வொரு கடையிலயும் மாட்டி வெக்கணும்.

ஏன் இத்தனை பாடுன்னு கேளு. ஒரு சர்க்கரைத் துணுக்கை ஆக்சிஜன் இல்லாம ஒடைச்சா செல்லுக்குக் கெடைக்கறது ரெண்டே ரெண்டு ஏடிபி. ஆக்சிஜன் இருந்தா முப்பது வரைக்கும் கறந்துக்கும். ஏடிபிங்கறது செல்லோட செலவுக் காசு. நம்ம ஒடம்புல எந்த நேரத்துல எண்ணுனாலும் கையிருப்பு 100 கிராமுக்குப் பக்கத்துலதான் தேறும். ஆனா சும்மா படுத்துக் கெடந்தாலே ஒரு நாளைக்கு 40 கிலோ பொழங்குது, அதையே திருப்பித் திருப்பிப் பண்ணிக்கிட்டே. இது எப்படி நடக்குதுன்னு 1961ல பீட்டர் மிட்செல்னு ஒரு வெள்ளைக்காரரு சொன்னாரு. மைட்டோகாண்ட்ரியா சவ்வுக்கு அக்கட்டால ஹைட்ரஜன் அயனியைத் தள்ளித் தள்ளிச் சேத்து வெக்குது, அது திரும்ப இக்கட்டால பாயறப்பத்தான் ஏடிபி ஆகுதுன்னாரு. பெரிய படிப்பாளிங்க சிரிச்சாங்க. மனுசன் வயித்துப்புண்ணோட எடின்பரோ வேலையை விட்டுப்போட்டு, கார்ன்வால்ல ஒரு பழைய பங்களாவை வாங்கி, கொத்தனாரு வேலையெல்லாம் பாத்து, அதுக்குள்ளயே ஆராய்ச்சிக்கூடம் வெச்சாரு. 1978ல நோபல் பரிசு அந்தப் பங்களாவைத் தேடி வந்துச்சு. அந்தப் பாய்ச்சல்ல நெசமாவே ஒரு சக்கரம் சுத்துது, சுத்தறப்பத்தான் ஏடிபி வந்து விழுதுன்னு சொன்னதுக்கு 1997ல பாயருக்கும் வாக்கருக்கும் பரிசு. இத்தனை ஓட்டத்துலயும் ஆக்சிஜனுக்கு ஒரே வேலைதான். கடைசியில நின்னு, ஓடி வர்ற எலெக்ட்ரானை வாங்கிட்டுத் தண்ணியா ஆகறது. வாங்கற ஆளு இல்லைன்னா பின்னால வர்றது பூராத் தேங்கிப்போகும்.

இதை நான் புஸ்தகத்துல படிச்சு நம்பலை. ஆடு செத்து நம்புனேன். மரவள்ளித் தழையை மேஞ்ச வெள்ளாடு துடிச்சுச் சாகறதை நம்ம பக்கம் எந்தப் பண்ணையக்காரனைக் கேட்டாலும் சொல்லுவான். மழையில்லாம வாடுன சோளத்தட்டுக் குருத்தைத் தின்ன மாடும் அப்படித்தான் போகும். ரெண்டுலயும் வயித்துக்குள்ள போனா சயனைடு பிரியற சங்கதி இருக்குது. அந்த சயனைடு செல்லுக்குள்ள போயி, ஆக்சிஜன் எலெக்ட்ரானை வாங்கற அந்தக் கடைசி வாசல்லயே குந்திக்கும். ஆடு மூச்சு வாங்குது, காத்து போகுது, வண்டி ரொம்புது, ஊர் வரைக்கும் போகுது, எறக்கறதுக்கு ஆளில்லை. பாரத்தோட அப்படியே திரும்பி வருது. அதனாலதான் செத்த ஆட்டை அறுத்தா ரத்தம் கருக்காம செக்கச்செவேல்னு இருக்கும். நல்ல ரத்தம்டான்னு சொன்ன ஆளுங்களை எனக்குத் தெரியும். உன்ற கிளிப்பை அந்த ஆட்டுக்கு மாட்டியிருந்தா, மூச்சு நிக்கற வரைக்கும் உன்னைமாதிரியே நல்ல மார்க்குத்தான் வாங்கியிருக்கும். மாட்டு டாக்டரு நேரத்துக்கு வந்து சோடியம் நைட்ரைட்டும் தயோசல்பேட்டும் ஊசி போட்டா பொழைக்கும். ஆக்சிஜன் டப்பாவைப் பீச்சுனாப் பொழைக்காது. அமுச்சி மரவள்ளிக் கெழங்கைத் தோலுரிச்சு, நெறையத் தண்ணியில தொறந்து வெச்சு வேகவெச்சு, அந்தத் தண்ணியை வடிச்சு ஊத்தறாளே, பைத்தியக்காரத்தனம்னு நெனைச்சியா?

கிளிப்பை ஏமாத்தற இன்னொருத்தன் கார்பன் மோனாக்சைடு. ஊட்டியில குளுருதுன்னு ரூமுக்குள்ள கரியடுப்பை வெச்சுக் கதவைச் சாத்துனா வர்றவன். ஹீமோகுளோபினோட ஒட்டறதுல ஆக்சிஜனைவிட இருநூறு மடங்கு கெட்டிக்காரன். வண்டியில எடத்தைப் புடிச்சு ஒக்காந்துக்குவான், கிளிப்பு அவனையும் மூட்டைன்னே எண்ணிக்கும். ஆளு சாகக் கெடப்பான், விரலு பாஸ் மார்க்கு காட்டும். இன்னொண்ணும் கேட்டுக்க. கருத்த தோலுக்கு அது சித்தக் கூட்டித்தான் காட்டுதுன்னு 2020ல அமெரிக்காவுல கண்டு எழுதியிருக்கறாங்க. நம்ம கலருக்கு இந்த உலகத்துல எச்சா மார்க்கு போடற ஒரே எடம் அதுதான் போல, அதையும் நம்ப முடியலை பாரு.

கையில கட்டியிருக்கற வாட்ச்சு கொழுப்பு எரியுது எரியுதுன்னு ஒத்தை நெருப்புப் படம் காட்டுதே, எரிஞ்ச கொழுப்பு எங்க போகுதுன்னு அதைக் கேட்டியா? வேர்வையாப் போகுது, வெளிக்குப் போறப்ப போகுதுன்னு நீ சொல்லுவே. டாக்டருங்கள்லயே நெறையப் பேரு அப்படித்தான் சொன்னாங்களாம். ரூபன் மீர்மேன், ஆண்ட்ரூ பிரவுன்னு ஆஸ்திரேலியாக்காரங்க ரெண்டு பேரு 2014ல கணக்குப் போட்டாங்க. 10 கிலோ கொழுப்பு கரைஞ்சா அதுல 8.4 கிலோ மூக்கு வழியா கார்பன் டை ஆக்சைடாப் போகுது, மிச்சம் 1.6 கிலோ தண்ணி. அதை எரிக்க 29 கிலோ ஆக்சிஜன் வேணும். ஓஹோ, அப்ப நாளைக்கு வெடியால இன்னும் வேகமா ஊதுனாத் தொப்பை போயிரும்னு கணக்குப் போடறே, தெரியுது. போகாது அப்புனு. செல்லு வேலை செஞ்சு எரிச்சாத்தான் அது வெளிய வரும். மூக்கு வெறும் வாசல்தான்.

செல்லுக்கு வேலை குடுத்தா என்ன ஆகும்னு 1967ல ஹாலோசின்னு ஒருத்தரு எலியை நாள் தவறாம ஓட வெச்சுப் பாத்தாரு. காலுச் சதையில மைட்டோகாண்ட்ரியா ஆக்சிஜன் பொழங்கற தெறம் ரெண்டு மடங்கு ஆயிப்போச்சு. வேலை செய்யற சதை சூடாகுது, புளிக்குது, கார்பன் டை ஆக்சைடைக் கக்குது. அது மூணும் சேந்துதான் போற வண்டியை நிறுத்தி, எறக்குடா பாரத்தைங்குது. ஆக்சிஜனைக் கூப்பிடற எடம் காலு கண்ணு, மூக்கில்லை. காட்டுல பருத்திமாரு புடுங்க ஆள் கெடைக்கலைன்னு பொலம்பிட்டு இருக்கறேன். சும்மா சொன்னேன், உன்ற கையி அதுக்குன்னு படைக்கலை.

இப்ப விசயத்துக்கு வர்றேன். உன்ற கிளிப்பை நேத்துப் பொழுதோட உங்கம்மா விரல்ல மாட்டிப் பாத்தீல்ல? 98 வந்துச்சு, அம்மாவுக்கு ஒண்ணுமில்லை அப்புச்சின்னு சிரிச்சுட்டுப் போனே. சென்னிமலைப் படியில பத்துப் படிக்கு ஒருக்கா கைப்புடியைப் புடிச்சு நின்னாளே, அதை நீ பாக்கலை. செல்பி எடுத்துட்டு இருந்தே. நெஞ்சு படபடங்குதுன்னா, வயசாச்சுன்னே. அவ என்ற மகடா, அவளுக்கு வயசாச்சுன்னா எனக்கு என்ன ஆச்சு? அரிசி பொடைக்கறப்ப மொறத்துல இருந்து பச்சரிசியை அள்ளி அள்ளி வாயில போட்டுக்கறா. கண்ணு ரெப்பையை எறக்கிப் பாத்தா உள்பக்கம் வெளுத்துக் கெடக்குது. அவளுக்கு வண்டி பாதிதான் ஓடுது. ஓடற வண்டி அத்தனையும் ரொம்பித்தான் ஓடுது, அதனால உன்ற கிளிப்பு 98 குடுக்கும். 15 கிராம் இருக்கற எடத்துல ஏழரை இருந்தா, 20 மில்லி போற எடத்துக்குப் 10 மில்லி. நூத்துக்கு நூறு ரொம்புனாலும் அதே 10தான். பாதி வண்டியை வெச்சுக்கிட்டு ஊருக்கே படியளக்கணும்னா ஓட்டத்தைக் கூட்டணும், அந்த ஓட்டம்தான் படபடப்பு.

அவ ஒருத்தி மட்டும்னு நெனைக்காதே. 2019 முதல் 2021 வரைக்கும் அரசாங்கம் எடுத்த குடும்பநலக் கணக்குல, நாட்டுல 15 வயசுல இருந்து 49 வயசு வரைக்கும் பொம்பளைங்கள்ல நூத்துக்கு 57 பேருக்கு ரத்தசோகை. ஆம்பளைங்க 25. ஆக்சிஜன் டப்பா விக்கறவன் யாரைத் தேடிப் போறான்னு பாரு, யாருக்குப் பத்தலைன்னு பாரு. சோத்தை எல்லாருக்கும் போட்டு முடிச்சுக் கடைசியா அடிச்சட்டியை வழிச்சுத் தின்னுட்டு, ஒடனே ஒரு டம்ளர் டீயையும் குடிச்சுக்குவா. சோத்துல இருக்கற துளி இரும்புச் சத்தையும் அந்த டீ ஒட்டவிடாது.

அதனால காரை எடு. ஆரம்ப சுகாதார நிலையத்துல ஹீமோகுளோபின் பாத்துச் சொல்லிருவாங்க. பொம்பளைங்களுக்கு 12க்குக் கீழ போனா சோகை. எதனால குறைஞ்சுதுன்னு டாக்டரைக் கேளு, மாசாமாசம் எச்சாப் போகுதா, வயித்துல பூச்சியா, வேற ஏதாவதான்னு அவங்க பாக்கட்டும். மாத்திரை குடுத்தா எலுமிச்சந் தண்ணியோட சாப்பிடச் சொல்லு, டீயோடயும் பாலோடயும் வேண்டாம். டீ குடிக்காம இருக்கமாட்டா, சோறு தின்னு ஒரு மணி நேரம் கழிச்சுக் குடிக்கட்டும். தலைச்சுத்து நின்னதும் மாத்திரையை நிறுத்திருவா, டாக்டர் சொல்ற மாசம் வரைக்கும் விடாதே.

இன்னொண்ணு. அந்த மாத்திரை தின்னா வெளிக்குப் போறது கருகருன்னு போகும். பயந்துக்கிட்டு மூணாம் நாளே குப்பையில போட்டுருவா. அது ஒண்ணும் பண்ணாதுன்னு முன்னாலயே சொல்லி வெக்கணும். பெத்த மககிட்ட அப்பன் இதையெல்லாம் பேச முடியுமா? நீ அஞ்சாறு வருசம் இஞ்சினீயருக்குப் படிச்சவன், பவர்பாயிண்டு போட்டாவது சொல்லீரு.